மானின் வயிற்றுக்குக் கீழே தெரிந்த வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போக வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். குலம் அண்ணையின் மனைவி வதனி அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் காலையில் கூப்பிடுகிறவர் இல்லை. எடுத்ததும், "தங்கச்சி, இவர் போயிட்டார்" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "காட்டுலயா அக்கா?" என்பதுதான்.

"இல்லை. கடையிலை. டயர் கழட்டிக்கொண்டு நிண்டவர், நெஞ்சு நோகுது எண்டு கதிரையிலை இருந்தவராம். அம்புலன்ஸ் வர முதல் முடிஞ்சுது."

கையில் சாவியோடு வாசலில் நின்றேன். குலம் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்திக்கு முன்னால், யாருடைய குண்டும் யார் மேலும் பாயவில்லை என்ற ஆறுதல் வந்து நின்றது. அது வந்ததற்காக வெட்கப்பட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி வதனி அக்கா கேட்டார். தோர்ண்டன் ஹீத்தில் உங்களில் பலருக்கு அவர் டயர் கடைக் குலசிங்கம். வான் டயரில் ஆணி ஏறினால் ஞாயிற்றுக்கிழமையும் கதவைத் திறந்துவிடுகிற மனிதர். குளிர்கால விடியல்களில் அவர் எங்கே போனார் என்பதை நீங்கள் மான் இறைச்சியாகத்தான் அறிந்திருப்பீர்கள். தன் அடுப்பில் அதை ஏற்ற வதனி அக்கா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அதனால் அண்ணை அதை வெட்டிப் பொதி செய்து உங்கள் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். அந்தக் காட்டில் ஒரு நாள் காலை நடந்ததை இங்கே எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எழுதுங்கோ. அவர் அதை ஒருத்தருக்கும் மறைக்கேல்லையே" என்றார். மறைத்தது நான்தான்.

நான் திருச்சிக்காரி. நிலங்களை அளந்து வரைபடம் செய்யும் படிப்பு படித்து, இங்கே லண்டனில், காடுகளையும் பண்ணைகளையும் பராமரிக்கத் திட்டம் எழுதிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு வந்தேன். பெயரில் மட்டும் காடு உள்ள கோலியர்ஸ் வுட்டில் குடியிருப்பு. நிஜமான காட்டுக்கு அலுவலகம் என்னை முதன்முதலில் அனுப்பியது குரோய்டனுக்குத் தெற்கே, பேருந்துகள் திரும்பும் இடத்துக்கும் அப்பால். லண்டன் எல்லைக்குள்ளேயே அப்படி ஒரு தனியார் காடு இருக்கிறது. அங்கே மான்களைச் சுட்டுக் கட்டுப்படுத்துகிறவரைச் சந்தித்து, அவர் சுடும் இடங்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பச்சைச் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். வேலிக் கதவருகே பழைய வானிலிருந்து இறங்கியவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "தமிழோ?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"சார் வேண்டாம். அண்ணை எண்டு சொல்லுங்கோ. முதல்ல இந்த ஒரேஞ்ச் மேலங்கியைப் போடுங்கோ. போடாமல் உள்ளுக்கை வரேலாது."

கொஞ்ச நாளில் அவர் கதை தெரிந்தது. இலங்கையில் போர் மூண்டு ஊரை விட்டு ஓடியபோது அவருக்கு இருபது வயது. ஜெர்மனியில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் பல வருடம் வேலை செய்தார். அந்த நாட்டில் வேட்டைக்கு உரிமம் வாங்குவது லேசில்லை. மரம், மிருகம், சட்டம், துப்பாக்கி என்று எல்லாவற்றிலும் பரீட்சை உண்டு. வேலைத்தலத்து நண்பர் ஒருவரோடு சேர்ந்து அதை எழுதித் தேறினார். பிறகு குடும்பத்தோடு லண்டன் வந்தார். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த மனிதர் ஏன் துப்பாக்கியைக் கையில் எடுத்தார் என்று ஒருமுறை கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"துவக்கை நானே வைச்சிருந்தால் பயம் போகும் எண்டு நினைச்சன். போகேல்லை. இப்ப யோசிச்சால், போகாதது நல்லது."

காட்டின் உரிமையாளர் ஓர் ஆங்கிலேயர். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். மேற்குப் பக்கத்து ஊசியிலை மரங்களில் நோய் விழுந்ததால் அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி விற்க முடிவு செய்தார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர், மரம் வெட்டினால் வேட்டை பெருகும், மானும் வான்கோழியும் தானாகவே வந்து சேரும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார். எங்களை அழைத்து அதை உற்சாகமாகச் சொன்னார். குலம் அண்ணை ஜெர்மன் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார். வான்கோழி இங்கே காட்டில் கிடையாது. இருப்பது ஃபெசன்ட் கோழி. அதற்கும் மரத்தில் ஏறித்தான் உறக்கம். எல்லா மரத்தையும் வெட்டினால் அது அடுத்த காட்டுக்குப் போய்விடும். ஓக் மரங்களை வெட்டாமல் விடுங்கள், அதன் கொட்டைக்காகத்தான் இலையுதிர்காலத்தில் மான் இங்கே நிற்கிறது. தெருவோரம் ஒரு வரிசையை விடுங்கள், இல்லாவிட்டால் வெருண்ட மான் நேரே தெருவில் பாயும். ஈர நிலத்தில் இயந்திரம் இறக்காதீர்கள், சக்கரத் தடம் பள்ளமாகி வருடக்கணக்கில் நீர் நிற்கும்.

உரிமையாளர் ஓக் மரங்களுக்கும் தெருவோர வரிசைக்கும் ஒப்புக்கொண்டார். ஈரம் காய அவரால் காத்திருக்க முடியவில்லை.

திரும்பி வரும்போது வானில் அண்ணை சொன்னார்: "வெட்டினால் மான் வரும், அது உண்மை. வெளிச்சம் விழுந்த இடத்திலை தளிர் வரும், முட்செடி வரும், மான் அதைத் தேடி வரும். ஏழெட்டு வருசம் அதுகளுக்குக் கொண்டாட்டம். பிறகு செடி பற்றையாய் அடர்ந்து ஒண்டும் தெரியாது. ஆனால் எனக்கு மானைப் பற்றிக் கவலை இல்லை. காடு மாறினால் நான் எங்கை நிண்டு, எந்தப் பக்கம் பாத்துச் சுடுறது? எல்லாத்தையும் திரும்பப் படிக்க வேணும்."

அப்போது எனக்கு அது பாதிதான் புரிந்தது. பிறகு விளக்கினார். மானைத் துளைத்த குண்டு அங்கேயே நின்றுவிடாது. தவறினால் இன்னும் வெகுதூரம் போகும். எனவே மானுக்குப் பின்னால் எப்போதும் மண் இருக்க வேண்டும், மேடோ கரையோ. மரம் போதாது. மண்ணைப் பார்க்காமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. அந்தக் காட்டின் மேற்கே பழங்காலத்து மண்கரை ஒன்று ஆளுயரத்துக்கு நீண்டு ஓடியது. அதைப் பார்த்தபடி ஒரு பரண் இருந்தது. கரைக்கு அப்பால் பொதுமக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை. என் வரைபடத்தில் கரையைப் பழுப்புக் கோடாகவும், பரணிலிருந்து சுடக்கூடிய திசையைப் பச்சை விசிறியாகவும் போட்டிருந்தேன். அழகான வரைபடம். அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மரம் வெட்டினார்கள். இயந்திரங்கள் உறுமிய வாரங்களில் மான்கள் கிழக்குப் பக்கத்துக்கும் பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கும் சிதறின. ஒருநாள் விடியலில் அண்ணையின் வானில் போய்க்கொண்டிருந்தோம். வளைவில் வரிசையாக ஏழெட்டு மான்கள் தெருவைத் தாண்டிக் குதித்தன. கடைசி மானின் குளம்பு வானின் முன்பக்கத்தில் பட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அவர் நடக்கும் வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

வெட்டி முடித்து இயந்திரங்கள் போயின. இரண்டு கோடைகளில் அந்த வெட்டவெளியை முட்செடி மூடியது. அவர் சொன்னபடியே மான்கள் திரும்பின, முன்பை விட அதிகமாக. உரிமையாளருக்கு மகிழ்ச்சி. புதிதாக நட்ட மரக்கன்றுகளை மான் கடித்திருப்பதைக் கணக்கெடுக்க அலுவலகம் என்னை மறுபடி அனுப்பியது. அடுத்த நாள் விடியலில் பரணில் அவரோடு உட்கார்ந்து மான்கள் எந்த வழியாக வருகின்றன என்று பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். இரண்டு பேர் உட்காரக்கூடிய பலகை அது. வரச் சொன்னார். சத்தம் போடக்கூடாது, கையை அசைக்கக்கூடாது என்றார்.

அந்தக் காலையில் உறைபனி. மூச்சு புகையாகப் போனது. சாம்பல் நிறமாக வெளுக்கத் தொடங்கியபோது ஒரு பெண்மான் முட்செடிகளுக்கிடையிலிருந்து வெளியே வந்து, கரைக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றது. கரை எனக்கு முழுதாகவே தெரிந்தது. பச்சையும் பழுப்புமாக, வரைபடத்தில் இருந்தபடியே. அண்ணை துப்பாக்கியை மெல்லத் தூக்கிக் கன்னத்தோடு வைத்தார். பாதுகாப்புப் பூட்டு நகர்ந்த சிறு சத்தம் கேட்டது. நான் காதுகளைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன்.

வெடி வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் அதே நிலையில் இருந்தார், விரல் விசைக்கு வெளியே. மான் இன்னும் நின்றது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. பிறகு முட்செடிக்குப் பின்னால் நீலமாக ஏதோ அசைந்தது. மான் தலையைத் தூக்கியது, பாய்ந்து மறைந்தது. அது நின்ற இடத்துக்கு நேர் பின்னால், நீலக் குளிர்கோட்டு போட்ட ஒரு முதியவர் நாயோடு நடந்து போனார். கரை இருந்திருந்தால் அவர் எங்கள் கண்ணில் பட்டிருக்கவே முடியாது.

அண்ணை பூட்டைப் போட்டார். குண்டை வெளியே எடுத்தார். அது அவர் கையிலிருந்து நழுவி ஏணிக்கடியில் விழுந்தது. ஒருநாளும் அவர் கையிலிருந்து எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

"மானின்ரை வயித்துக்குக் கீழை வெளிச்சம் தெரிஞ்சது தங்கச்சி," என்றார். "பின்னுக்கு மண் எண்டால் வெளிச்சம் தெரியாது."

இறங்கி அங்கே நடந்தோம். கரையில் ஒரு லாரி அகலத்துக்கு இடைவெளி இருந்தது. வெட்டிய கட்டைகளை இழுத்துப் போக இயந்திரக்காரர்கள் கரையை உடைத்து வழி செய்திருக்கிறார்கள். உடைந்த இடத்தில் முட்செடி வளர்ந்து, தூரத்திலிருந்து பார்க்கக் கரையைப் போலவே தெரிந்தது. முதியவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, நல்ல குளிர் என்றார். அண்ணை ஆமாம் என்றார். நாய் அவர் கையை முகர்ந்தது. அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் அண்ணை ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து முழங்கால்களுக்கிடையே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

பிறகு கைபேசியை எடுத்தார். அந்தப் பரணில் வேறு நாட்களில் ஏறும் இன்னொரு வேட்டைக்காரர் இருந்தார். ஏற வேண்டாம் என்று அவருக்குச் சொன்னார். அடுத்து உரிமையாளருக்கு. பிறகு என்னைப் பார்த்து, "உங்கடை ஒபிசுக்கும் எழுதிக் குடுக்க வேணும்" என்றார்.

அந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. கெஞ்சினேன்.

"அண்ணா, யாருக்கும் ஒண்ணும் ஆகல. பரணை மூடிட்டீங்க. வரைபடத்தை நான் இன்னிக்கே திருத்திடறேன். எழுதினா என் பேரு வரும். என் விசா இந்த வேலையோட கட்டினது. வேலை போச்சுன்னா நாங்க ஊருக்குத் திரும்பணும்."

"தெரியும்," என்றார். "பேப்பருக்குப் பயந்து நானும் கன வருசம் கிடந்தனான். அந்தப் பயம் எனக்குத் தெரியும்."

"அப்ப எழுதாதீங்க."

"முதல்ல என்ரை பேரைத்தான் எழுதுவன். சீசன் தொடங்க முதல் நான் கரை முழுக்க நடந்து பாத்திருக்க வேணும். நடக்கேல்லை. உங்கடை படத்தைப் பாத்தன், நல்லா இருக்கெண்டு நினைச்சன். ஆனால் தங்கச்சி, இந்த இயந்திரக்காரர் இன்னும் எத்தனை காட்டிலை இப்பிடி உடைச்சிருப்பினம்? நாங்கள் எழுதாட்டி அங்கை யார் போய்ப் பாப்பினம்?"

எழுதினார். அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் சரியாகச் சாப்பிட்ட நினைவில்லை. கதவில் தபால் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய் உறையைப் பார்த்தேன். என் கணவர் இரவல் வாங்கிய தராசில் பயணப் பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தார். விளையாட்டுக்கு என்றார், இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அவருடைய வீட்டுக்குக் காவல்துறையிலிருந்து ஆள் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனதும், உரிமையாளர் அந்தக் குளிர்காலம் முழுக்க அவரைக் காட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னதும் எனக்கு மற்றவர்கள் வழியாகத்தான் தெரியவந்தது.

அலுவலகத்தில் விசாரணைக்கு அழைத்தார்கள். மேலாளர் முன்னால் அண்ணையின் அறிக்கை இருந்தது. அதில், மரம் வெட்டுவதற்கு முன்பு வரைந்த படம் இது, வெட்டிய பிறகு மறுபடி அளக்க அலுவலகம் யாரையும் அனுப்பவில்லை, கரை உடைந்தது வரைந்தவருக்குத் தெரிய வழியே இல்லை என்று எழுதியிருந்தார். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்கூடத் தரவில்லை. இனிமேல் வெட்டிய காடு எதுவானாலும் படத்தை நம்பாமல் ஆள் போய் நடந்து பார்க்க வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த சில மாதங்களில், அதே இயந்திரக்காரர்கள் வேலை செய்த இரண்டு காடுகளில் இதே போல உடைந்த கரைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் பின்னால் பள்ளிக்கூட மைதானம் இருந்தது.

விசாரணை முடிந்த அன்று மாலையே தோர்ண்டன் ஹீத் போயிருந்தேன். அண்ணை கடையில் டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு நின்றார். "வந்திட்டியளோ? தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். நான்கு மாதம் அழைப்பை எடுக்காததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது என்றார். ஆனால் பரணில் ஏற இன்னும் கால் கூசுகிறது என்றார். சுட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதைத் தினமும் கனவில் காண்கிறாராம். கனவில் அந்த நாய் மட்டும் திரும்பி வருமாம்.

அந்தக் குளிர்காலம் போய் அடுத்தது வந்தபோது மறுபடி ஏறினார். ஏறுவதற்கு முன்பு என்னை அழைத்துப் போய்க் கரை நெடுக நடந்தார். ஒவ்வொரு பத்தடிக்கும் குச்சியால் மண்ணைக் குத்திப் பார்த்தார். முட்செடி கிழித்து இருவர் கையிலும் ரத்தம். அன்றுதான், நடந்துகொண்டிருக்கும்போதே, நான் அவரிடம் அதைச் சொன்னேன். மரம் வெட்டிய நாட்களில் இயந்திரக்காரர்களிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. கட்டை இழுக்கும் வழிகள் குறித்த கோப்பு ஒன்று அதில் இருந்தது. வேறு வேலையில் மூழ்கியிருந்தேன். திறக்கவில்லை. விசாரணையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை.

"அப்ப என்ரை அறிக்கையிலை பிழை இருக்கு," என்றார். குச்சியை மண்ணில் ஊன்றிக்கொண்டு, "அதை நான் திருத்தேலாது. நீங்கள்தான் எழுத வேணும்" என்றார்.

"பயமா இருக்கு அண்ணா."

"ஓம், இருக்கும். பயத்தோடை எழுதுங்கோ."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் கரை நெடுக நடக்கும்போது கேட்டுவிடுவாரோ என்று காத்திருந்தேன். விசாவுக்கு இன்னும் இரண்டு வருடம், பிறகு ஒரு வருடம், நிரந்தர உரிமை வந்ததும் எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிரந்தர உரிமை வந்தது. எழுதவில்லை. இப்போது எனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் முன்னால் எப்படி நிற்பது என்று புதிதாக ஒரு காரணம் கிடைத்தது.

இறுதிக்கிரியை முடிந்த அடுத்த நாள் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு பக்கம்தான். மின்னஞ்சல் வந்தது, திறக்கவில்லை, விசாரணையில் சொல்லவில்லை, குலசிங்கம் அவர்களின் அறிக்கையில் என்னைப் பற்றி இருந்தது அவர் அறிந்தவரை உண்மை, முழு உண்மை இது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இதை எழுதும் இன்றுவரை முடிவு எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை மேலாளரைப் பார்க்க அழைத்திருக்கிறார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியாது. நேற்றும் சரியாகத் தூங்கவில்லை.

அவரோடு பழகிய உங்களிடம் அவருடைய எத்தனையோ நல்ல குணங்கள் மிஞ்சியிருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய பயம். விரலை விசைக்கு வெளியே நிறுத்திவைத்த, பரணில் ஏறும் முன் கரை நெடுக நடக்கவைத்த பயம் அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை அந்த அறைக்குள் அதோடுதான் போவேன்.